டிக் டிக் நின்றால் மேடு

போன டுரியான் பருவத்தில், பினாங்குத் தீவின் துன் சார்டோன் சாலை ஏற்றத்தில் சைக்கிளோடு பாதி வழியில் நின்றுவிட்டேன். முன்னால் போன லாரி பழம் இறக்குவதற்காகத் திடீரென்று ஓரம் கட்டியது. எதிரே வரிசையாகக் கார்கள். பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினேன். பின் கேரியரில் இரண்டு பைகள், மொத்தம் 18 கிலோ. அதற்குச் சற்று முன்புதான் ஒரு சமதரைத் துண்டில் கொஞ்சம் வேகம் பிடித்திருந்தேன். அந்தக் கியரிலேயே சைக்கிள் நின்றுபோனது.

என்னுடையதுபோல டெரெய்லர், அதாவது செயினைப் பக்கவாட்டில் தள்ளும் கருவி, வைத்த சைக்கிளில் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால்தான் கியர் மாறும். செயின் தாவ வேண்டுமானால் மிதிக்க வேண்டும். அந்தக் கியரில், அந்தச் சரிவில், அந்தச் சுமையோடு மிதிக்க முடியாது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெடலைக் கையால் சுற்றினால் கியர் இறங்கும். வெறும் சைக்கிளில் அதை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். சுமையோடு முடியவில்லை. அடுத்த வளைவில் கொஞ்சம் தரை சமமாகும்வரை தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அப்படி நடந்தபோதுதான் அப்பாவின் சைக்கிள் ஞாபகத்துக்கு வந்தது. அந்தச் சைக்கிளுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. நின்ற இடத்திலேயே கியர் மாறும்.

அப்பா கெடாவில், பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெசராக வேலை பார்த்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், காயம் கட்டுபவர், ராத்திரியில் பிரசவ வலி என்று ஆள் வந்து கூப்பிட்டால் எழுந்து போகிறவர். ஒரு டிவிஷனிலிருந்து இன்னொரு டிவிஷனுக்குப் போக அவரிடம் ஒரு ராலே சைக்கிள் இருந்தது. பழசாகத்தான் வாங்கினார். பின்சக்கரத்தின் நடுவில் இருந்த ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும், ஏ.டபிள்யூ. என்ற எழுத்தும், 58 என்ற எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண் ஹப் தயாரான ஆண்டு என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 1958. மலாயா சுதந்திரம் அடைந்த மறுவருடம் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ஹப்.

மூன்று கியர்தான். ஹேண்டலில் வலது கைப்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல். அந்த ஹப்பை அறிந்தவர்களுக்கு அதன் சத்தமும் தெரியும். இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் மிதிக்கும்போதே உள்ளே டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருக்கும். முதல் கியரில் சத்தமே இருக்காது. எங்களுக்குக் கொடுத்திருந்த வீடு ஒரு மேட்டின் மேல் இருந்தது. இரவு தோட்டத்து ஜெனரேட்டரை நிறுத்திய பிறகு அவ்வளவு அமைதி. அப்பா ராத்திரி அழைப்புக்குப் போய்த் திரும்பும்போது செம்மண் சாலையில் டிக் டிக் சத்தம் முதலில் கேட்கும். அப்புறம் சட்டென்று நின்றுவிடும். அப்பா மேட்டடிக்கு வந்து முதல் கியருக்கு மாற்றிவிட்டார் என்று அர்த்தம். அம்மா எழுந்து கோப்பிக்குத் தண்ணீர் வைப்பார். சத்தத்தைக் கேட்டு அல்ல, சத்தம் நின்றதைக் கேட்டு.

ஏன் முதல் கியரில் மட்டும் மௌனம் என்பது ஹப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும். சக்கரத்தின் அச்சில் அசையாமல் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கிறது, 20 பல். அதைச் சுற்றி நான்கு சிறு சக்கரங்கள், சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல. அவற்றை வெளியிலிருந்து அணைத்தபடி, உட்புறம் 60 பல் கொண்ட ஒரு வளையம். செயின் அந்த வெளி வளையத்தைச் சுழற்றி, கோள்களைத் தாங்கும் கூண்டு சக்கரத்தை ஓட்டினால் வேகம் முக்கால் பங்காகக் குறையும். அது முதல் கியர். செயின் கூண்டைச் சுழற்றி, வளையம் சக்கரத்தை ஓட்டினால் வேகம் ஒன்றே கால் மடங்குக்கும் சற்று மேலே, சரியாகச் சொன்னால் 133 விழுக்காடு, அது மூன்றாவது. வளையத்தையே சுழற்றி வளையமே சக்கரத்தை ஓட்டினால் நடுக்கியர், கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. நடுக்கியரிலும் மூன்றாவதிலும் சக்கரம் கூண்டைவிட வேகமாகச் சுற்றுவதால், கூண்டில் இருக்கும் சின்னக் கொக்கிகள் பற்களின் மேல் தட்டிக்கொண்டே போகின்றன. அதுதான் டிக் டிக். முதல் கியரில் அந்தக் கொக்கிகளே சக்கரத்தைப் பிடித்து இழுக்கின்றன, வளையத்தின் கொக்கிகளோ மடங்கிப் படுத்துவிடுகின்றன. தட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

நூறு வருடத்துக்கு மேலான யோசனை இது. எனக்கு இன்றும் அதன் மேல் வியப்பு குறையவில்லை. பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கின்றன. எது எதைப் பிடிப்பது என்பது மட்டும்தான் மாறுகிறது. அதனால்தான் நின்றபடியே மாற்ற முடிகிறது.

சரி, மூன்று கியரை வைத்துக்கொண்டு பினாங்கு மலைகளில் சுமையோடு ஏற முடியாது. விசாரித்ததில், மின்சார சைக்கிளுக்கு மாறிவிட்ட ஒருவரிடம் ஷிமானோ அல்ஃபீன் எட்டுக் கியர் ஹப் ஒன்று கிடைத்தது. சுமார் 1.6 கிலோ. அகலம் 135 மில்லிமீட்டர், என் சட்டத்துக்கு அப்படியே பொருந்தும். என் சைக்கிளில் பின்சக்கரம் உட்காரும் கொக்கி கிடைமட்டமாக நீண்டிருக்கும். இது முக்கியம். டெரெய்லர் போய்விட்டால் தொய்யும் செயினை இழுத்துப் பிடிக்க வேறு ஆள் இல்லை. சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தித்தான் இறுக்க வேண்டும். செங்குத்துக் கொக்கி உள்ள சட்டமாக இருந்தால் தனியாக ஒரு செயின் இறுக்கி மாட்ட வேண்டியிருக்கும்.

ஜார்ஜ் டவுனில் எனக்குப் பல வருடப் பழக்கமான சைக்கிள் கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், சக்கரம் கட்டிக் கொடுத்தார். 32 கம்பி. கட்டி முடித்து சைக்கிளில் மாட்டியதும், என்னிடம் ஒன்றும் சொல்லாமல், நிற்கும் சைக்கிளில் எட்டிலிருந்து ஒன்றுவரை கிளிக் கிளிக் என்று மாற்றி, பெடலைக் கையால் லேசாகத் தள்ளிக் காட்டினார். அப்பா எனக்குச் சைக்கிள் காட்டிக் கொடுத்ததும் இப்படித்தான், பேச்சே இல்லாமல்.

அல்ஃபீனின் எட்டுக் கியர்களை எண்ணாக எழுதிப் பார்த்தால் ஓர் அழகு தெரியும். ஐந்தாவது நேர் கியர், 1.000. அதற்கு மேல் 1.223, 1.419, 1.615. கீழே 0.527, 0.644, 0.748, 0.851. மேலே உள்ள நான்கையும் 0.527ஆல் பெருக்கினால் கீழே உள்ள நான்கும் அப்படியே வரும். அதாவது நான்கு கியர்தான். அவற்றை அப்படியே மொத்தமாகத் தாழ்த்த இன்னொரு அடுக்கு. சாலையில் இதைக் காலால் உணரலாம். நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது உள்ளே ஒரு முழு அடுக்கே கழன்று விடுகிறது. அந்த ஓர் இடத்தில் காலின் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்தாமல் மாற்றினால் தட்டுப்படும். கீழ் நான்கில் மிதிப்பு கொஞ்சம் கனமாகவும் இருக்கிறது, எண்ணெய்க்குள் மிதிப்பதுபோல. புதிதாகத் துடைத்த டெரெய்லர் செயினில் இருக்கும் அந்தத் துள்ளல் இதில் இல்லை. இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

முதல் ஓட்டத்துக்கு அதே துன் சார்டோன் சாலைக்கே போனேன். அதே 18 கிலோ. முன்னால் 38 பல், பின்னால் 20. என் 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகும். முதல் கியரில் பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சைக்கிள் 2 மீட்டர் நகரும் என்று கணக்கு வந்தது. பழைய அமைப்பில் முன்னால் 22, பின்னால் 34 போட்டால் வெறும் 1.3 மீட்டர். இந்த வித்தியாசம் தாளில் சின்னதாகத் தெரிந்தது. சாலையில் முழங்காலில் தெரிந்தது. ஏறிவிட்டேன், ஆனால் எழுந்து நின்று மிதித்துத்தான் ஏறினேன். சுமை கட்டிய சைக்கிளில் எழுந்து நின்று மிதிப்பது நாள் முழுக்கச் செய்யக்கூடிய காரியம் அல்ல.

ஹப் கியரைப் பயணத்துக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எட்டுக் கியர் என்ற எண்ணைப் பார்க்கிறோம். மிகத் தாழ்ந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. அல்ஃபீன் எட்டில் அது 307 விழுக்காடு. என் பழைய மூன்றடுக்கு டெரெய்லரில் 600க்கும் மேல். அந்த 307ஐ எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை நாமேதான் முடிவுசெய்ய வேண்டும். வேகத்தின் பக்கம் வைத்தால் மலை போகும். மலைப் பக்கம் வைத்தால் இறக்கத்தில் மிதிக்க ஒன்றும் இருக்காது.

நான் மலைப் பக்கம் வைத்தேன். முன்னால் 34, பின்னால் 22. முதல் கியரில் 1.65 மீட்டர், எட்டாவதில் 5 மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மேல் கியரில் மணிக்கு 24 கிலோமீட்டர். சுமையோடு எனக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. அதற்கு மேல் போவது இறக்கத்தில்தான், அங்கே பிரேக்கில்தான் கவனம். தவுக்கேக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. முன்பல் பின்பல்லைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கட்டும் என்பதுதான் தயாரிப்பாளரின் கணக்கு. பின்பல் பெரிதாகப் பெரிதாக, அதே கால் பலம் ஹப்புக்குள் அதிக முறுக்கு விசையாகப் போய் இறங்குகிறது. உள்ளே இருக்கும் சின்னப் பற்கள்தான் அதைத் தாங்க வேண்டும். அவர் சொன்னது சரிதான். நான் 58 கிலோ எடை, முதல் கியரில் எழுந்து நின்று மிதிக்க மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டேன். கனமான ஆள் இதை அப்படியே செய்ய வேண்டாம்.

அப்புறம் தீவைச் சுற்றினேன். ஆயர் ஈத்தாமில் என் வீட்டிலிருந்து பாயா தெருபோங், துன் சார்டோன் ஏற்றம், பாலேக் பூலாவ், அங்கிருந்து மறுபடி மலையேறி தித்தி கெராவாங் வழியாக தெலுக் பஹாங், பத்து ஃபெரிங்கி, ஊர். காலையில் நல்ல வெயில், பாலேக் பூலாவில் லக்சா சாப்பிட்டு முடிப்பதற்குள் மழை. இந்த மழைதான் டெரெய்லருக்கு எதிரி. சாலையோர மணல் தெறித்து செயினிலும் பல்லிலும் ஒட்டிக்கொள்ளும், அரை மணி நேரத்தில் கரகரவென்று அரைக்க ஆரம்பிக்கும். ஹப் கியருக்கு மழை ஒரு பொருட்டில்லை. வெளியே ஒரே ஒரு செயின், நேர்க்கோட்டில், கொஞ்சம் தடித்த செயின். மற்றதெல்லாம் மூடிய பெட்டிக்குள். அன்று தித்தி கெராவாங் ஏற்றத்தில் எத்தனை இடத்தில் நின்றேன், எத்தனை இடத்தில் கிளம்பினேன் என்று கணக்கில்லை. மழைக்கு ஒதுங்கினேன், குரங்குக்கு வழிவிட்டேன், பழக்கடையில் விலை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நின்றபிறகு கியரை ஒன்றுக்கு இறக்கிவிட்டு, பெடலில் காலை வைத்துக் கிளம்பினேன். சரிவில் கிளம்பும் பயம் போய்விட்டால், எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற சுதந்திரம் வந்துவிடுகிறது. நான் இந்த ஹப்பை விரும்புவதற்கு முதல் காரணம் அதுதான். மழை இரண்டாவது.

ஏற்றம் முடிந்து தெலுக் பஹாங் அணைப் பக்கம் இறங்கும்போது பின்டயர் தளர்ந்தது. பங்சர். ஹப் கியர் சைக்கிளில் பின்சக்கரத்தைக் கழற்றுவது ஒரு வரிசையான வேலை. கியரை ஒன்றில் வைக்க வேண்டும். ஹப்பின் ஓரத்தில் கேபிள் சுற்றும் சின்ன உருளையில் ஒரு துளை இருக்கும். அதில் ஒரு மெல்லிய ஆலன் கீயைச் செருகித் திருப்பினால் கேபிள் தளரும், அப்புறம் கழற்றலாம். பிறகு 15 மில்லிமீட்டர் ஸ்பானரால் இரண்டு பக்க நட்டுகள். நட்டுக்குள் இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்றாக, தனித்தனி நிறத்தில் இரண்டு வாஷர்கள். அவை சாதாரண வாஷர் அல்ல. ஹப்புக்குள் பற்கள் ஒன்றையொன்று தள்ளும்போது அச்சே திரும்பப் பார்க்கும்; அதைத் திரும்பவிடாமல் சட்டத்தோடு பிடித்து நிறுத்துபவை அவைதான். இதையெல்லாம் வீட்டு வாசலில் இரண்டு தடவை பழகியிருந்தேன். ஆனால் வீட்டு வாசலில் ஈரச் சருகுகள் இல்லை. இடப்பக்க வாஷர் கையிலிருந்து நழுவிச் சருகுக்குள் போய்விட்டது.

பத்து நிமிடம் தேடினேன். ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டி வந்த பையனின் கூடையில் டுரியான்.

"என்னக்கா, செயின் அறுந்துருச்சா?"

"இல்ல தம்பி, பங்சர். ஒரு வாஷர் விழுந்துருச்சு, காணோம்."

"வாஷர் இல்லாம மாட்ட முடியாதா?"

"இது முடியாதுப்பா."

அவன் கைப்பேசி விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தான். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் தெரியாது, பக்கவாட்டில் அடித்தால் உலோகம் மின்னும் என்றான். மின்னியது. டியூபை மாற்றி, சக்கரத்தை மாட்டி, கியரை நான்கில் வைத்து, ஹப் ஓரத்தில் இருக்கும் இரண்டு மஞ்சள் கோடுகளும் நேராக வருகிறதா என்று பார்த்துக் கேபிளைச் சரிசெய்தேன். இந்த ஹப்பில் சரிசெய்வது அவ்வளவுதான். கோடும் கோடும் நேரே வந்தால் எட்டுக் கியரும் சரி.

இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கியது. டயருக்குள் முடிபோல ஒரு கம்பித் துண்டு நின்றிருக்கிறது, முதலில் தடவிப் பார்த்தபோது கையில் படவில்லை. மாற்று டியூபும் ஓட்டை. மழை தூறிக்கொண்டே இருந்தது. மறுபடி அந்த நட்டு, வாஷர், கேபிள் வரிசையை நினைத்தபோது, அப்பா ஒருநாளும் பங்சருக்காகப் பின்சக்கரத்தைக் கழற்றியதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சைக்கிளைப் படுக்க வைப்பார். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி, டியூபை ஒரு முழம் வெளியே இழுப்பார். காற்றடித்து, கன்னத்தருகே கொண்டுபோய் காற்று எங்கே படுகிறது என்று பார்ப்பார். அந்த இடத்தைத் தேய்த்து, பசை தடவி, ஒட்டுப்போட்டு, மறுபடி உள்ளே திணிப்பார். சக்கரம் சைக்கிளிலேயே இருக்கும். ஹப், கேபிள், நட்டு எதையும் தொடமாட்டார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். டெரெய்லரும் ஒரே இழுப்பில் கழலும் சக்கரமும் வந்தபிறகு எங்கள் தலைமுறை அதை மறந்துவிட்டது. அன்று தெலுக் பஹாங் சாலை ஓரத்தில், பைகளைக் கழற்றி வைத்துவிட்டு, சைக்கிளைச் செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, அவர் செய்ததையே செய்தேன். முதலில் கம்பியைத் தேடிப் பிடுங்கினேன். ஒட்டுப்போட்டு முடிக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாஷரைத் தேடிய நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இப்போது என் பையில் மாற்று டியூப் ஒன்றுதான் இருக்கிறது, ஒட்டுப் பெட்டி இரண்டு.

அதன் பிறகு ஒரு நீண்ட வார இறுதியில் பீடோங் போனேன். ஃபெரியில் பட்டர்வொர்த்; சைக்கிளுக்குப் பாலத்தில் இடமில்லை, ஃபெரிதான் வழி, எனக்கு அதுவே பிடிக்கும். அங்கிருந்து வடக்கே, வயல்களின் நடுவே, எதிரே குனோங் ஜெராய் நீலமாக நின்றுகொண்டே இருக்கும். 1,217 மீட்டர். கடாரத்துக்குக் கப்பலில் வந்தவர்களுக்கு அடையாளமாக இருந்த மலை. பட்டர்வொர்த் சிக்னல்களில் ஹப் கியரின் அருமை மறுபடி தெரிந்தது: ஏழாவது கியரில் வந்து சடாரென்று நின்று, சிவப்பு எரியும்போதே மூன்றுக்கு இறக்கி, பச்சைக்குக் கிளம்பினேன். குறையும் அங்கேதான் தெரிந்தது. எதிர்க்காற்றில் ஐந்து மிகவும் லேசு, ஆறு மிகவும் கனம். இரண்டுக்கும் இடையில் 22 விழுக்காடு இடைவெளி. நடுவில் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று வழியெல்லாம் கால் கேட்டுக்கொண்டே வந்தது.

அந்த நடுவை வைத்திருப்பது ரோலோஃப். ஜெர்மனியில் 1998இல் வந்த பதினான்கு கியர் ஹப். ஒவ்வொரு படியும் ஒரே அளவு, 13.6 விழுக்காடு. மொத்தம் 526 விழுக்காடு. கோலாலம்பூர் நண்பர் ஒருவரின் சைக்கிளில் ஒரு காலைப் பொழுது பத்துமலையிலிருந்து உலு யாம் வரை ஓட்டிப் பார்த்தேன். எட்டிலிருந்து ஏழுக்கு இறங்கும்போது உள்ளே ஓர் உறுமல் கேட்டது, மற்றபடி படிகள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம் போல ஒரே சீராக இருந்தன. 5,000 கிலோமீட்டருக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். ஆனால் அந்த ஒரு ஹப்பின் விலைக்கு நல்ல பழைய மோட்டாரே வாங்கலாம். உலகம் சுற்றுகிறவர்களுக்கு அது நியாயமான விலைதான். வார இறுதியில் கெடா, பேராக் என்று போய்வரும் எனக்கு அல்ஃபீன் போதும். அதற்கும் 5,000 கிலோமீட்டருக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒருமுறை உள்பகுதியை வெளியே எடுத்து எண்ணெயில் முக்க வேண்டும். தவுக்கேயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தோட்டத்தில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை. எங்கள் வீடும் இல்லை, சிமெண்டுப் படி மூன்று மட்டும் இருக்கிறது. மேடு அப்படியே இருக்கிறது. மேட்டடியில் நின்று ஒன்றுக்கு இறக்கி, சுமையோடு உட்கார்ந்தபடியே மிதித்து மேலே போனேன். படியில் உட்கார்ந்து, கொண்டுபோன நாசி லெமாக்கைப் பிரித்துப் பசியாறினேன்.

வீடு திரும்பிய மறுநாள், பின்கட்டில் கோணி போர்த்தி வைத்திருந்த அப்பாவின் ராலேயை வெளியே எடுத்தேன். பதினொரு வருடமாக யாரும் தொடவில்லை. ஹப்பின் நடுவில் சின்ன மூடியோடு ஓர் எண்ணெய்த் துளை இருக்கும். அதில் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றக்கூடாது, அது காய்ந்து பிசினாகிவிடும் என்று அப்பா சொல்வார். மோட்டார் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு ராத்திரி அப்படியே வைத்தேன். காலையில் அச்சிலிருந்து வெளியே வரும் அந்தக் குட்டிச் சங்கிலியின் இறுக்கத்தைச் சரிசெய்தேன். அது தொய்ந்திருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பெடல் பிடிமானம் இல்லாமல் வெறுமனே சுற்றிவிடும். எழுந்து நின்று மிதிக்கும்போது அப்படி நடந்தால் ஆள் கீழே.

பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைச் சுற்றினேன். டிக் டிக் என்று ஓடியது. நெம்புகோலைத் தட்டினேன். சத்தம் நின்றது, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அடுப்பங்கரையில் குழாய்த் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. கெண்டி அடுப்பில் ஏறியது.

"ஒண்ணுல போட்டியா?" என்றார் அம்மா உள்ளேயிருந்து.